ராஜா இல்லாத ராஜ்ஜியக் காசு

புதுச்சேரி

அன்புள்ள முத்து,

தீபாவளிக்கு நீ போட்ட கடிதத்துக்குப் பொங்கல் கழிந்து பதில் எழுதுகிறேன். திட்டையெல்லாம் சேர்த்து வை, மாசியில் நேரில் வாங்கிக்கொள்கிறேன். வீட்டில் எல்லோரும் சுகம். மீசை சித்தப்பா இன்னும் சீட்டில் தோற்றுக்கொண்டுதான் இருக்கிறார்.

லாவோஸ் காசுகள் கிடைத்துவிட்டன. மூன்றும்! பின்வீட்டு அம்மாளின் மாமனார் பிரெஞ்சுக்காரர் காலத்தில் சைகோனில் உத்தியோகம் பார்த்தவர். வீட்டை ஒழிக்கும்போது அவருடைய தகரப்பெட்டியை என்னிடம் கொடுத்தார்கள். 1952இல் பாரிஸில் அடித்த 10, 20, 50 சென்ட், எல்லாம் அலுமினியம், நடுவில் ஓட்டை. பேரீச்சம்பழக்காரன்கூட வாங்க மாட்டான் என்பாய். சொல்லிக்கொள்.

பத்தில் ஒரு பெண்ணின் தலை, இருபதில் யானைகள், ஐம்பதில் விரித்த புத்தகம். 'லாவோஸ் ராஜ்ஜியம்' என்று பிரெஞ்சில் இருக்கிறது, ராஜாவைத்தான் காணோம். சிசவாங் வோங் 1904 முதல் பட்டத்தில் இருந்த மனிதர். ஒரு காசில்கூட அவர் முகம் இல்லை! பிரான்ஸிடமிருந்து முழுச் சுதந்திரம் வந்ததே 1953 அக்டோபரில்தான். அதுவரை பணத்தை வெளியிடும் உரிமையும் தனியாக இல்லை. கம்போடியா, லாவோஸ், வியட்நாம் மூன்றுக்கும் பொதுவாக ஒரே வெளியீட்டு நிறுவனம்.

இனிமேல் சொல்லப்போவதுதான் என்னைத் தூங்கவிடாதது. மூன்றையும் அளந்து பார்த்தேன்: 23, 27, 31 மில்லிமீட்டர். எங்கோ பார்த்த எண்களாக இருக்கிறதே என்று பிரெஞ்சுக் காசு டப்பாவைக் கவிழ்த்தேன். அந்தக் காலத்து அலுமினிய 1 பிராங்க், 2 பிராங்க், 5 பிராங்க்! அச்சு அசல் அதே அளவுகள். புது ராஜ்ஜியத்துக்குப் புது அளவு எதற்கு என்று கையிலிருந்த அளவிலேயே அடித்து ஓட்டை போட்டுக் கொடுத்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

இன்னும் கேள். அந்த மூன்று நாட்டுக்கும் பொதுவான பணம் பியாஸ்தர், நூறு சென்ட் சேர்ந்தது ஒன்று. அப்போது ஒரு பியாஸ்தருக்கு அரசாங்க விலை 17 பிராங்க். கள்ளச் சந்தையில் அவ்வளவு போகாது. மலிவாக வாங்கிய பியாஸ்தரை அரசாங்க விலையில் பாரிஸுக்கு மாற்றி அனுப்பிப் பெரிய மனிதர்கள் பலர் கொழுத்தார்கள். ஊழல் நாறிப்போய், 1953 மே 11ஆம் தேதி விலையைப் பத்தாகக் குறைத்தது பிரான்ஸ். லாவோஸிலும் கம்போடியாவிலும் யாரையும் கேட்கவில்லை. அன்றிலிருந்து 10 சென்ட் என்றால் 1 பிராங்க், 20 சென்ட் 2 பிராங்க், 50 சென்ட் 5 பிராங்க். அளவும் ஒன்று, மதிப்பும் ஒன்று! அடித்த வருஷம் 1952 என்பதால் திட்டமிட்டுச் செய்திருக்க முடியாது. ஆனாலும் நம் கணக்கு வாத்தியார் இருந்திருந்தால் பலகையைத் துடைத்துவிட்டு இதையே ஒரு மணி நேரம் நடத்தியிருப்பார்.

முத்து, அந்த ராஜ்ஜியம் புழக்கத்துக்கு விட்ட உலோகக் காசு இந்த மூன்றும்தான். 1955இல் கிப் என்ற சொந்தப் பணம் வந்தது, பிறகு எல்லாம் தாள். சண்டையும் குண்டுவீச்சுமாக ஓடி 1975 டிசம்பரில் ராஜ்ஜியமே முடிந்தது. 1980இல் புது அரசாங்கம் அடித்ததும் 10, 20, 50தான், அதே அலுமினியத்தில். அதைப் படித்தபோது சிரிப்பு வரவில்லை.

உன் மச்சானிடம் சொல்லி வை: அலுமினியக் காசைப் புளி போட்டுத் தேய்ப்பவன் என் வாசற்படி ஏறக்கூடாது. மாசியில் வரும்போது உன் கம்போடியக் காசுகளையும் எடுத்து வா, அவற்றையும் அளக்க வேண்டும். 1953இன் 20 சென்டிம் உன்னிடம் இரண்டு இருப்பது எனக்குத் தெரியும், ஒளித்துவைத்துவிட்டு வராதே.

அன்புடன்,
ராமு