பியரில் ஆஸ்பத்திரி மணம்

திருகோணமலை

அன்புள்ள மகனுக்கு,

நீ அனுப்பிய குரல்செய்தியை அம்மாவும் கேட்டாள். "கனடாவுக்குப் போய்க் கசிப்புக் காய்ச்சப் பழகிவிட்டான்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். கசிப்பு கள்ளச்சாராயம், அது வேறு, பியர் வேறு, அங்கே வீட்டுத் தேவைக்குக் காய்ச்சலாம் என்று விளங்கப்படுத்தியிருக்கிறேன். இங்கே லைசன்ஸ் இல்லாமல் செய்தால் பொலிஸ் வரும். அதனால் லீவில் வரும்போது அந்த வாளியைத் தூக்கிக்கொண்டு வராதே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ வீட்டில் காய்ச்சிய இரண்டு முறைப் பியரும் பழுதானது ஈஸ்டால்தான் என்று நீ முடிவுகட்டியது எனக்குச் சரியாகப் படவில்லை. முதல் பியரில் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர் மணம், ஆஸ்பத்திரி மணம் என்று நீயே சொன்னாய். என் வகுப்பில் பீனோல் போத்தலைத் திறந்தால் பிள்ளைகள் சொல்வதும் அதையேதான். பார்லி உமியிலிருந்து பீனோல் சேர்மங்கள் எப்படியும் வரும். தண்ணீரில் குளோரீன் இருந்தால் இரண்டும் சேர்ந்து குளோரோபீனோல் ஆகிவிடும். மூக்குக்குத் தெரிய அது துளியிலும் துளி போதும், பிறகு எத்தனை மாதம் வைத்தாலும் போகாது.

தண்ணீரை முதல்நாளே பிடித்து வைத்தேன் என்று நீ சொல்லக்கூடும். நம் வீட்டில் அம்மா பைப் தண்ணீரைக் குடத்தில் இரவு முழுக்க வைக்கிறாளே, அது வெறும் குளோரீனுக்குச் சரிவரும். டொரொன்டோவில் குளோரீனோடு அமோனியாவும் சேர்த்துக் குளோரமீனாக விடுகிறார்கள். குழாயில் கனநாள் நிற்கவேண்டும் என்றுதான் அப்படிச் செய்கிறார்கள். அது வாளியில் ஒரு இரவில் போய்விடுமா? பியர்ச் சாமான் விற்கும் கடையில் கேம்ப்டன் மாத்திரை என்று கேள், அது குளோரமீனை முறிக்கும். உன்னுடைய 23 லீற்றருக்கு அரை மாத்திரை தாராளம். பொடியாக்கி, அடுப்பில் வைக்குமுன் தண்ணீரில் கலக்கிவிடு. சில நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். வாளியைப் பிளீச் போட்டுக் கழுவுகிறாயா? அப்படியென்றால் அதையும் நிறுத்து. அதுவும் குளோரீன்தான்.

இரண்டாவதில் வெண்ணெய் மணம் என்றாய். இதில் ஈஸ்டுக்குப் பங்குண்டு, ஆனால் பழுது அதனுடையது இல்லை, நீ அவசரப்பட்டுவிட்டாய். நொதிக்கும்போது ஈஸ்ட் வெளியே விடும் ஒரு பொருள் பிறகு டைஅசிட்டைலாக மாறும், வெண்ணெய் மணம் அதுதான். பொறுத்திருந்தால் ஈஸ்டே அதைத் திரும்ப உறிஞ்சிவிடும். நுரை அடங்கியதும் போத்தலில் அடைத்தால் எப்படி உறிஞ்சும்? குளிரில் நொதிக்கவிடும் லாகர் பியர் என்றால் முடிவில் 18, 20 பாகைக்குச் சூட்டை ஏற்றி இரண்டு மூன்று நாள் விடு. அடைக்குமுன் இரண்டு சின்னப் போத்தலில் கொஞ்சம் கொஞ்சம் எடு. ஒன்றை மூடி, 60, 70 பாகை வெந்நீரில் இருபது நிமிடம் வை. ஆறியபின் இரண்டையும் மணந்து பார். சூடாக்கியதில் மட்டும் வெண்ணெய் மணத்தால் இன்னும் பொறு.

அடுத்த முறை வேறு ஏதாவது மணக்கலாம். பச்சை அப்பிள் மணம் பிஞ்சுப் பியரில் வரும், அதற்கும் பொறுமைதான் மருந்து. அவித்த சோளம் மணத்தால் கொதிக்கும்போது பானையை மூடியிருக்கிறாய். ஒரு மணித்தியாலமாவது திறந்து கொதிக்கவிடு, ஆவியோடு போய்விடும். நனைந்த கடதாசி மட்டை மணம் காற்றுப் பட்டதால் வருவது, அடைக்கும்போது சலசலவென்று ஊற்றாதே. வாழைப்பழமும் ஸ்பிரிட்டும் சேர்ந்து மணத்தால் நொதிக்கும்போது சூடு கூடிவிட்டது. இங்கே கச்சான் என்ற வெப்பக் காற்று அடிக்கிற மாதங்களில் என்ன செய்தாலும் அப்படித்தான் முடியும். அங்கே குளிர்தானே என்று நம்பிவிடாதே. நொதிக்கிற வாளிக்குள் அறையைவிடச் சில பாகை கூடுதலாக இருக்கும், வாளியிலேயே வெப்பமானியை ஒட்டு.

உப்புவெளிக் கடற்கரையில் வெள்ளைக்காரர் பச்சைப் போத்தலை வெயிலில் வைத்துக்கொண்டு குடிப்பார்கள். பியரில் போடும் ஹொப்ஸ் பூவின் கசப்பு வெளிச்சம் பட்டால் நாறும், அந்த நாற்றத்துக்கே அவர்கள் பழகிவிட்டார்களோ என்னவோ. நீ பிரவுன் போத்தலே வாங்கு.

புளிப்பு வந்தால் மட்டும் பயப்படு. கள்ளு காலையில் இறக்கியது பின்னேரம் புளிப்பது அதன் குணம், அதைத் தடுக்கத்தானே கருப்பணி (பதநீர்) முட்டிக்குள் சுண்ணாம்பு பூசுகிறார்கள். பியரை அப்படிப் புளிக்கவிடாமல் ஹொப்ஸ் ஓரளவு காக்கும். அதையும் மீறிப் புளித்தால் குழாயிலோ வாளியின் கீறலிலோ பக்டீரியா குடியிருக்கிறது. கழுவிப் பார்க்காதே, குழாயையும் கீறல் விழுந்த வாளியையும் எறிந்துவிட்டுப் புதிது வாங்கு. பெரிய காசில்லை.

இந்த முறை சேர்மானத்தில் தண்ணீரை மட்டும் மாற்று. ஈஸ்ட், மோல்ட் (முளைவிட்ட பார்லி), அளவு எல்லாம் பழையபடி இருக்கட்டும். எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றினால் எது சரிசெய்தது என்று எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. கொப்பியில் திகதி போட்டு எழுதி, படம் எடுத்து அனுப்பு.

அம்மா சுகம். மருமகளைக் கேட்டதாகச் சொல்லு.

அன்புடன்,
அப்பா