முதலில் எண்ண வேண்டியது டிரம்ஸ் மைக்குகளை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்வது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, தனியாகப் பாடி கிட்டார் வாசிப்பவருக்கு நல்ல வழிகாட்டி. ஆனால் 'இரண்டு இன்புட் உள்ள ஆடியோ இண்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி), ஒரு கண்டென்சர் மைக் (நுண்ணிய ஒலியையும் பிடிக்கும் வகை)' என்ற அந்தப் பட்டியலை ஒரு ராக் இசைக்குழு அப்படியே வாங்கினால், முதல் நாளே டிரம்ஸில் மாட்டிக்கொள்ளும்.

எத்தனை இன்புட் வேண்டும் என்பதை முடிவு செய்வது டிரம்ஸ்தான். கிக்குக்கு (காலால் அடிக்கும் பெரிய டிரம்) ஒன்று, ஸ்னேருக்கு (குச்சியால் அடிக்கும் நடு டிரம்) ஒன்று, முழு டிரம்ஸையும் மேலிருந்து பிடிக்கும் ஓவர்ஹெட் இரண்டு. ஆக நான்கு மைக். எல்லோரும் சேர்ந்து வாசித்துப் பதிவு செய்வதானால் பேஸ், இரண்டு கிட்டார், குரல் என்று இன்னும் நான்கு. டிரம்ஸை முதலில் பதிந்துவிட்டு மற்றவற்றை ஒவ்வொன்றாகச் சேர்ப்பவர்களுக்கு நான்கே போதும். இரண்டில் ஒப்பேற்றலாம்தான். ஆனால் கிக்கும் ஸ்னேரும் ஒரே டிராக்கில் விழுந்துவிட்டால், மிக்ஸிங்கில் கிக்கை மட்டும் தூக்க வழியில்லை.

பெட்டியில் போட்டிருக்கும் எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 18ஐ20-இல் 18 இன்புட் உண்டு. மைக் செருக முடிவது 8-இல் மட்டுமே. மீதியில் 8 ஏடாட் ஆப்டிகல் வழியாகவும், 2 எஸ்பிடிஃப் வழியாகவும் வருபவை; இவை வேறு கருவிகளிலிருந்து டிஜிட்டல் ஒலியை வாங்கும் இணைப்புகள். மைக் ப்ரீஆம்ப் (மைக்கின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் பகுதி) எத்தனை என்றுதான் கேட்க வேண்டும். நான்கோடு தொடங்குபவர்கள் ஏடாட் இன்புட் இருப்பதாகப் பார்த்து வாங்கினால், பிறகு எட்டு ப்ரீஆம்ப் உள்ள பெட்டி ஒன்றை அதில் சேர்த்துக்கொள்ளலாம். 'இன்னொரு சின்ன இண்டர்ஃபேஸை யூஎஸ்பியில் செருகினால் ஆயிற்று' என்ற கணக்கு பலிக்காது. இரண்டுக்கும் கிளாக் (ஒலியை அளந்து பதியும் உள்கடிகாரம்) வேறு வேறு. பாட்டு போகப் போக டிராக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும்.

மைக்கில் டைனமிக்தான் (அருகிலுள்ள உரத்த ஒலிக்கு ஏற்ற வகை) முதல் செலவு. சாதாரண அறையில் கண்டென்சர் மின்விசிறியையும் சுவரின் எதிரொலியையும் சேர்த்தே பிடிக்கும். 1965-இல் வந்த ஷூர் எஸ்எம்57 இன்றும் ஸ்னேரிலும் கிட்டார் ஆம்பிலும் நிற்கிறது. ஆம்பின் துணியிலிருந்து 2, 3 செ.மீ. தள்ளி வைத்துப் பாருங்கள்: ஸ்பீக்கரின் நடுவில் கூர்மை, ஓரத்தில் மென்மை. சத்தம் பிடிக்கவில்லையென்றால் ஈக்யூவை (கனத்த, கூரிய ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் வசதி) திருகுவதற்கு முன் மைக்கை இரண்டு விரற்கடை நகர்த்துவதே மேல். ஓவர்ஹெட்டுக்கு மட்டும் கண்டென்சர் ஜோடி வாங்கலாம். கண்டென்சருக்கு மின்சாரம் தரும் 48 வோல்ட் பொத்தானை அமுக்காமல் 'மைக் பழுது' என்று திருப்பிக் கொடுப்பவர்களும் உண்டு!

ஓவர்ஹெட் வைக்க ஒரு கயிறு வேண்டும். ஒரு முனையை ஸ்னேரின் நடுவில் பிடித்து, இரண்டு மைக்கும் அதே நீளத்தில் இருக்கும்படி அமையுங்கள். ஒலி 1 மீட்டர் கடக்க ஏறக்குறைய 3 மில்லிசெகண்ட் ஆகிறது. ஒரு மைக் ஒரு சாண் தள்ளி இருந்தாலே, அதே அடி இரண்டிலும் வெவ்வேறு நேரத்தில் விழுந்து ஸ்னேர் சப்பென்று ஆகிவிடும். பதிந்ததும் எல்லா டிராக்கையும் மோனோவில் (இடம் வலம் இல்லாமல் ஒன்றாக) கேட்டு, கிக் டிராக்கின் போலாரிட்டியை (ஒலி அலையை மேல் கீழாகப் புரட்டும் பொத்தான்) திருப்பிப் பாருங்கள். எந்த நிலையில் கனத்த ஒலி நன்றாக வருகிறதோ அதுவே சரி.

பதிவின் தரத்துக்கு 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் போதும். 0-தான் உச்சவரம்பான டிஜிட்டல் மீட்டரில், உச்ச அடி மைனஸ் 10 டெசிபெல்லைத் தாண்ட வேண்டாம். சோதனையின்போது அடிப்பதைவிடப் பாட்டு சூடுபிடித்ததும் டிரம்மர் பலமாகத்தான் அடிப்பார். 0-ஐத் தொட்டு உடைந்த ஒலியை மீட்க முடியாது. பேஸை நேரடியாகச் செருகினால் 'இன்ஸ்ட்ருமெண்ட்' பொத்தானைப் போடுங்கள், இல்லையேல் மேல்சத்தம் மங்கிவிடும். பஃபர் (கணினி ஒரு தடவையில் கையாளும் ஒலி மாதிரிகளின் எண்ணிக்கை) பதிவின்போது 128, மிக்ஸிங்கில் 1024.

ஸ்பீக்கர் பிறகு வாங்கிக்கொள்ளலாம். மூடிய வகை ஹெட்போன் ஆளுக்கொன்றும், அவற்றைப் பிரித்துக் கொடுக்க ஒரு ஹெட்போன் ஆம்ப்பும் உடனே வேண்டும். திறந்த வகையானால், தாளம் காட்ட ஹெட்போனில் வரும் கிளிக் சத்தம் மைக்குகளில் ஏறிவிடும். சுவரில் முட்டை அட்டை ஒட்டுவது வீண் வேலை, கிக்கின் கனத்த ஒலியை அது தடுக்காது. டிரம்ஸுக்கு அடியில் தடித்த விரிப்பும், பின்சுவரில் மெத்தையும் அதைவிட உதவும்.

ஸ்டாண்டில் கஞ்சத்தனம் வேண்டாம். மெல்லிய ஸ்டாண்டின் கை, மைக்கின் கனத்தில் மெல்லச் சரியும். கயிறு பிடித்து அளந்த தூரம் இரண்டாவது பாட்டுக்குள் மாறிவிடும்.

இப்படிக்கு,
ஒலிப்பதிவுத் துறை வாசகர்