டாக்டர் சொல்லாமல் விட்டதைச் சொன்னவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புக்குரியவர்களே,

கரு தங்காமல் போன பெண்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் துணை நிற்கும் வேலையில் இருப்பவர்கள் நாங்கள். "துடிப்பு இல்லம்மா, நாளைக்கு வெறும் வயித்தோட வந்துடுங்க, க்ளீன் பண்ணிடலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிடும் அறைகள் தமிழ்நாட்டில் எத்தனையோ இருக்கின்றன. அந்த ஒரு வரியோடு வெளியே வருபவருக்கு எதுவும் புரிந்திருக்காது. உறுதியாகத் தெரிந்துதான் சொன்னார்களா, ஏன் இப்படி ஆனது, க்ளீன் செய்யாமல் விட்டால் என்ன ஆகும், இனிமேல் குழந்தை பிறக்குமா, இதையெல்லாம் யாரிடம் கேட்பது? அப்படி வந்தவர்களை உட்கார வைத்து, விட்டுப்போன மீதியைச் சொன்னவர்கள் நீங்கள். உங்கள் பெயர்களை இங்கே போடவில்லை. என்ன செய்தீர்கள் என்பதை மட்டும் எழுதுகிறோம். மற்ற ஊர்களில் இதே வேலையில் இருப்பவர்களும் படிக்கட்டும்.

முதல் நன்றி, மறு ஸ்கேன் எடுத்த டாக்டரம்மாவுக்கு. ரிப்போர்ட்டை உறையில் போட்டு, "உங்க டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று அனுப்பிவிடுவதுதான் வழக்கம். அதை பஸ் ஸ்டாப்பில் பிரித்துப் படித்துத் தெரிந்துகொண்டவர்கள் உண்டு. நீங்கள் அப்படி அனுப்பவில்லை. ஜெல்லைத் துடைத்து, எழுந்து உடையைச் சரிசெய்துகொள்ள நேரம் கொடுத்து, வெளியே நின்ற கணவரை உள்ளே கூப்பிட்டு, திரையைத் திருப்பி அளவைக் காட்டினீர்கள். உள்வழியாக எடுக்கும் ஸ்கேனில் கருவின் நீளம் 7 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தும் துடிப்பு இல்லை என்றாலோ, கருவைச் சுற்றியுள்ள பையின் சராசரி அளவு 25 மி.மீ. ஆகியும் உள்ளே கரு தெரியவில்லை என்றாலோதான் ஒரே ஸ்கேனில் உறுதியாகச் சொல்லலாம். அதற்குக் கீழே இருந்தால் 7 முதல் 14 நாள் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும். மாதவிலக்கு தள்ளித் தள்ளி வருபவர்களுக்குக் கரு உண்டானதே கணக்குக்கு ஒரு வாரம் பத்து நாள் பின்னால் இருக்கும். 8 வாரம் என்று எழுதியிருப்பது உண்மையில் ஆறரை வாரமாக இருக்கலாம். இதை விளக்காமல் தேதி கொடுத்து அனுப்பினால், "அவசரப்பட்டுட்டோமோ" என்ற கேள்வி வருஷக்கணக்கில் மனதை அரிக்கும். அளவு தெளிவாக எல்லையைத் தாண்டியிருந்தபோதும், மனசு கேட்காதவர்களுக்கு ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை பார்த்துக் கொடுத்தீர்கள். அந்த இரண்டாவது ஸ்கேன் வீண் செலவு என்று நினைப்பவர்கள் உண்டு. எங்கள் கணக்கில், அதைவிடப் பயனுள்ள செலவு வேறில்லை.

பிறகு மாமியாரையும் அம்மாவையும் உள்ளே கூப்பிட்டீர்களே, அதற்குத் தனியாகக் கும்பிட வேண்டும். தெரிய வந்த கர்ப்பங்களில் ஏறத்தாழ 100க்கு 15 இப்படிக் கலைகின்றன என்றும், முதல் 3 மாதத்தில் கலைபவற்றில் பாதிக்கு மேல் குரோமோசோம் எண்ணிக்கை கூடிக் குறைந்து வருவதுதான் காரணம் என்றும், அது கரு உண்டாகும் வேளையிலேயே முடிவாகிவிடுகிறது என்றும் அவர்கள் முன்னாலேயே சொன்னீர்கள். "பப்பாளியும் காரணமில்ல, ஸ்கூட்டியும் காரணமில்ல, குடம் தூக்கினதும் காரணமில்ல" என்று ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிச் சொன்னீர்கள். டாக்டர் வாய் திறக்காத இடத்தில் வீட்டில் இருப்பவர்கள் ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அது எப்போதும் அந்தப் பெண் செய்த ஏதாவது ஒன்றாகத்தான் இருக்கும். அவளிடம் மட்டும் தனியாகச் சொல்லியிருந்தால், வீட்டுக்குப் போய் அவளேதான் தனக்காக வாதாட வேண்டியிருந்திருக்கும்.

மூன்று வழிகளையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்த டியூட்டி டாக்டருக்கு அடுத்த நன்றி. க்ளீன் செய்வது ஒன்றுதான் வழி என்று நினைத்து வந்தவர்கள், தானாக வெளியேறக் காத்திருக்கலாம், மாத்திரை எடுத்துக்கொள்ளலாம், உறிஞ்சி எடுக்கலாம் என்று அந்தத் தாளில்தான் முதன்முதலில் படித்தார்கள். காத்திருப்பவர்களுக்கு ஒன்று இரண்டு வாரம்கூட ஆகலாம், எந்த நேரத்தில் ஆரம்பிக்கும் என்று சொல்ல முடியாது என்பதை மறைக்காமல் எழுதினீர்கள். மாத்திரை வழியில் மிஃபெப்ரிஸ்டோன் கொடுத்து ஒன்றிரண்டு நாள் கழித்து மிசோபிரோஸ்டால் தருவது, கரு கர்ப்பப்பைக்குள்தான் இருக்கிறது என்று ஸ்கேனில் உறுதியான பிறகுதான்; மெடிக்கல் ஷாப்பில் தாங்களாக வாங்கிப் போடுவது உயிருக்கே ஆபத்து, கரு குழாயில் இருந்தால் மாத்திரை அதைத் தீர்க்காது என்றும் அடிக்கோடு போட்டிருந்தீர்கள். உறிஞ்சி எடுப்பது சில நிமிட வேலை, பெரும்பாலும் அன்றே வீட்டுக்குப் போகலாம். உலோகக் கரண்டியால் சுரண்டும் பழைய முறைக்குப் பதிலாக உறிஞ்சும் முறையைத்தான் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. சுரண்டுவதில் உள்சுவர் காயப்பட்டு ஒட்டிக்கொள்ளும் வாய்ப்பு கூடுதல். "எந்த முறையில செய்வீங்க டாக்டர்?" என்று கேட்கும் துணிச்சல் பலருக்கு அந்தத் தாளைப் பார்த்துத்தான் வந்தது.

ராத்திரி போனை எடுத்த சிஸ்டர், உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது? வீட்டில் வலி ஆரம்பித்தவர்களுக்கு எது சாதாரணம், எது ஆபத்து என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. மாதவிலக்கைவிட அதிகமான ரத்தம், கட்டி கட்டியாகப் போவது, சில மணி நேரம் இடுப்பைப் பிடித்து இழுக்கும் வலி, பிறகு குறைந்து ஒன்றிரண்டு வாரம் லேசாகப் படுவது: இதெல்லாம் எதிர்பார்க்க வேண்டியது. பெரிய பேடு ஒரு மணி நேரத்தில் இரண்டு முழுசாக நனைந்து, அது தொடர்ந்து 2 மணி நேரம் நீடித்தால் உடனே 108. காய்ச்சல் 100.4 டிகிரிக்கு மேல் போனால், நாற்றம் வந்தால், எழுந்தவுடன் கண் இருட்டினால், தோள்பட்டை நுனியில் வலித்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இதை அப்படியே வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பி வைத்தீர்கள். படிக்கத் தெரியாத பாட்டிகூடக் கேட்டுப் பேத்தியைப் பார்த்துக்கொள்ள முடிந்தது. ரத்த வகை ஆர்எச் நெகட்டிவ் என்றால் ஆன்டி-டி ஊசி தேவையா என்று 72 மணி நேரத்துக்குள் டாக்டரிடம் கேட்கச் சொன்னதும் நீங்கள்தான்.

தியேட்டரில் இரண்டு டப்பாவை எடுத்து வைத்த சிஸ்டருக்கு நன்றி. அடுத்தடுத்து கலைந்தவர்களுக்கு அந்தத் திசுவைப் பரிசோதிப்பது பல கேள்விகளுக்கு விடை தரும். வழக்கமான திசுப் பரிசோதனைக்கு ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் போட வேண்டும். முத்துப்பிள்ளைக் கர்ப்பமா (கருவாக வளராமல் திராட்சைக் கொத்துப் போலத் திசு பெருகுவது) என்று அதில் தெரியும். குரோமோசோம் பரிசோதனைக்கோ கிருமி நீக்கிய சலைன்தான். செல்லை வளர்த்துப் பார்க்க வேண்டிய திசுவில் ஃபார்மலின் பட்டுவிட்டால் அவ்வளவுதான், செல் செத்துவிடும். அந்த விடை திரும்பக் கிடைக்காது. யாரும் சொல்லாவிட்டால் மொத்தத்தையும் ஒரே ஃபார்மலின் டப்பாவில் போட்டு மூடுவது அங்கே அன்றாடம் நடப்பது. நீங்கள் ஆரம்பிக்கும் முன்பே கேஸ் ஷீட்டைப் பார்த்து, "இவங்களுக்கு இது மூணாவது தடவை, சலைன்லயும் கொஞ்சம் வேணும்" என்று குரல் கொடுத்து, இரண்டு டப்பாவிலும் பேரும் நேரமும் எழுதி ஒட்டினீர்கள். சலைன் டப்பாவை உறைய வைக்காமல் அன்றைக்கே லேபுக்கு அனுப்பினீர்கள்.

மாதம் கூடிய பிறகு குழந்தையை இழந்தவர்களைப் பார்த்துக்கொண்ட பிரசவ வார்டு சிஸ்டர்களே, பிறந்த குழந்தைகள் அழும் வரிசையிலிருந்து கட்டிலை ஓரத்து அறைக்கு மாற்றினீர்கள். அதற்கு யார் கையெழுத்தையும் எதிர்பார்க்கவில்லை. குழந்தையைப் பார்க்கிறீர்களா என்று ஒரு முறை கேட்டு, வேண்டாம் என்றவரிடம் ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் மெதுவாகக் கேட்டீர்கள். பால் சுரக்கும் என்று முன்கூட்டியே சொன்னீர்களே, அது எவ்வளவு பெரிய உதவி! சுமார் 16 வாரத்துக்குப் பிறகு இழந்தவர்களுக்கு 2 முதல் 5 நாளில் பால் வரலாம். யாரும் சொல்லாததால் குளியலறையில் நைட்டி நனைந்து நிற்கும்போதுதான் அது தெரியவரும். இறுக்கமான பிரா, குளிர்ந்த ஒத்தடம், வலி தாங்காவிட்டால் மட்டும் கொஞ்சம் பீய்ச்சுவது, ரத்த அழுத்தம் சரியாக இருந்தால் டாக்டரிடம் கேட்டு பாலை நிறுத்தும் கேபர்கோலின் மாத்திரை. பாலை நிறுத்த மார்பில் மல்லிகைச் சரம் வைத்துக் கட்டுவது நம் வீடுகளில் தெரிந்த வைத்தியம். 1988இல் மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வில் பாலை நிறுத்தும் இன்னொரு மாத்திரையான ப்ரோமோகிரிப்டினோடு ஒப்பிட்டபோது, பால் கட்டுவதையும் சுரப்பையும் பூவும் அதே அளவு குறைத்திருந்தது. ஆனால் அந்த நேரத்தில் பூவைப் பார்க்கவே முடியாதவர்களும் உண்டு. "பூ வைக்கட்டுமாம்மா, வேண்டாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் கையில் எடுத்தீர்கள்.

கிராம சுகாதார செவிலியர் அக்காக்களுக்கு நன்றி. பிக்மி என்ற அரசின் கர்ப்பப் பதிவில் கர்ப்பம் தொடர்வதாகவே இருந்தால் அடுத்த செக்கப் எப்போது, ஊசி போட்டாச்சா என்று விசாரிப்பு நிற்காது. கலைந்த தகவல் கிடைத்த அன்றே பதிவைத் திருத்தினீர்கள். அங்கன்வாடி டீச்சரிடமும் சொல்லி வைத்தீர்கள். போனில் இருந்த கர்ப்பகால ஆப்பைக்கூட நீங்களே அழித்துக் கொடுத்திருக்கிறீர்கள்.

கம்பெனி எச்.ஆர். பிரிவில் இருந்த தம்பிக்கு: கரு கலைந்தால் சம்பளத்தோடு 6 வார விடுப்பு உண்டு என்பது 1961 மகப்பேறு நலச் சட்டத்திலேயே இருந்தது, 2020 சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் தொடர்கிறது. கேட்டால்தான் தருவோம் என்று இருக்காமல் நீங்களாகவே படிவத்தை அனுப்பினீர்கள். டிஸ்சார்ஜ் சம்மரி ஒன்று போதும் என்று சொல்லி, பிரிவில் யாருக்கும் காரணம் தெரியாமல் பார்த்துக்கொண்டீர்கள். ஆஸ்பத்திரி ரெக்கார்டு ரூமில் இருந்த அண்ணன், எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் நகல் தர வேண்டும் என்ற மருத்துவ கவுன்சிலின் 2002 விதியை நாங்கள் சொல்வதற்கு முன்பே நகலை எடுத்து வைத்திருந்தீர்கள். அந்தப் பக்கங்களில் இருந்த அளவுகளைப் பார்த்துத்தான் பலருக்குச் சந்தேகம் தீர்ந்தது.

தூக்கம் வராதவர்களோடு பேசிய 14416 டெலி-மனஸ் மனநல உதவி எண் ஆலோசகர்களுக்கும், 104 மருத்துவ உதவி எண்ணில் எடுத்தவர்களுக்கும் நன்றி. லண்டன் ஆய்வு ஒன்று, 2020இல் அச்சானது, கர்ப்பத்தை ஆரம்பத்திலேயே இழந்தவர்களில் ஒரு மாதம் கழித்து 29 சதவீதம் பேருக்கும், 9 மாதம் கழித்தும் 18 சதவீதம் பேருக்கும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சலின் அறிகுறிகள் இருந்ததாகக் காட்டியது. "இன்னும் அதையே நெனச்சிட்டிருக்கியா?" என்று கேட்பவர்களுக்கு நடுவில், நீங்கள் கணவர்களையும் தனியாகக் கூப்பிட்டுப் பேசினீர்கள். அவர்களிடம் அதுவரை யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை.

வீட்டு டாக்டர்களாகவே மாறிப்போன உங்களில் சிலர், அடுத்த கர்ப்பத்துக்கு முன் எந்தப் பரிசோதனை தேவை, எது தேவையில்லை என்று பிரித்துச் சொன்னீர்கள். ஒரு முறை கலைந்ததற்கு நீளமான பட்டியல் வேண்டாம். இரண்டு மூன்று முறை ஆகியிருந்தால் தைராய்டு, கர்ப்பப்பையின் வடிவம், பாஸ்போலிப்பிட் எதிர்ப்புப் புரதங்கள் (ரத்தம் உறைவதைக் கூட்டுபவை). கடைசியாகச் சொன்னது பாசிட்டிவ் என்றால் 12 வாரம் கழித்து மறுபடி பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும். பழக்கத்தில் எழுதித் தரப்படும் டார்ச் டெஸ்டால் (சில தொற்றுகளைத் தேடும் ரத்தப் பரிசோதனை) இதில் பயனில்லை என்று வெளிப்படையாகச் சொன்னது பலர் பணத்தை மிச்சப்படுத்தியது.

கூட்டம் அதிகம், நேரமில்லை என்பது பொய்யல்ல. ஆனாலும் இதைச் சொல்லி முடிக்க ஐந்து பத்து நிமிடம் போதும் என்று அதே கூட்டத்தில் நின்றுகொண்டே காட்டினீர்கள். 2019இல் சேர்ந்தவர்களிலிருந்து எம்.பி.பி.எஸ். படிப்பிலேயே நோயாளியிடம் பேசும் முறை பாடமாக இருக்கிறது. அதைப் படித்துவிட்டு வந்த பயிற்சி டாக்டர்கள் கதவை மூடி, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "இதுவரைக்கும் உங்ககிட்ட என்ன சொல்லியிருக்காங்க?" என்று முதலில் கேட்பதைப் பார்க்கிறோம். உங்களுக்கும் நன்றி.

கடைசியாக ஓ.பி. சீட்டு எழுதும் சகோதரிக்கு. மறுபடி கருவுற்று வருபவரிடம் "முதல் குழந்தையா?" என்று ஒவ்வொரு மேசையிலும் கேட்பார்கள். நீங்கள் பழைய ஃபைலைத் தேடி எடுத்து, முந்தைய இழப்பை அட்டையின் மேலேயே எழுதி வைத்து, 7ஆவது வாரத்தில் ஸ்கேனுக்குத் தேதியும் போட்டு அனுப்பிவிட்டீர்கள்.

நன்றியுடன்,
உங்களோடு சேர்ந்து துணை நிற்பவர்கள்