சூயஸில் பிரிட்டனை நிறுத்தியது எது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வல்லரசுகளைப் பற்றி எழுதும்போதெல்லாம் நாளிதழ்கள் போர்க்கப்பல், ஏவுகணை எண்ணிக்கையைத்தான் அட்டவணை போடுகின்றன. அந்தக் கணக்கு போதாது என்பதற்கு 1956 சூயஸ் நெருக்கடியே சாட்சி.

ஜூலை 26-ல் பிரிட்டன், பிரான்ஸ் பங்குகள் வைத்திருந்த சூயஸ் கால்வாய் நிறுவனத்தை எகிப்து அதிபர் நாசர் நாட்டுடைமையாக்கினார். அக்டோபர் 24-ல் பாரிஸை அடுத்த செவ்ரில் பிரிட்டன், பிரான்ஸ், இஸ்ரேல் மூன்றும் ரகசிய உடன்பாடு செய்துகொண்டன. இஸ்ரேல் தாக்கும், மற்ற இருவரும் சண்டையை விலக்க வருவதாகச் சொல்லி உள்ளே நுழைவார்கள். அப்படியே நடந்தது. நவம்பர் 5, 6 தேதிகளில் போர்ட் சயீதில் படைகள் இறங்கின. களத்தில் அவர்கள் தோற்கவில்லை. ஆனாலும் 6-ம் தேதி நள்ளிரவே போர்நிறுத்தம்.

முக்கியக் காரணம் பவுண்டு. அன்று ஒரு பவுண்டின் மதிப்பு 2.80 டாலர். அது சரியாமலிருக்க, சந்தையில் விற்கப்படும் பவுண்டுகளை இங்கிலாந்து வங்கி டாலர் கொடுத்து வாங்கியே தீரவேண்டும். போர் மூண்டதும் விற்பவர்கள் குவிந்தார்கள். நவம்பரில் மட்டும் சுமார் 28 கோடி டாலர் கையிருப்பு கரைந்தது. எகிப்து கப்பல்களை மூழ்கடித்துக் கால்வாயை அடைத்தது. சிரியாவில் எண்ணெய்க் குழாயின் உந்து நிலையங்கள் தகர்க்கப்பட்டன. அந்த வழிகளில் வந்த எண்ணெய் நின்றதால், இனி எண்ணெய்க்கும் டாலர்தான் வேண்டும். படை விலகும்வரை பன்னாட்டு நிதியக் (ஐ.எம்.எஃப்.) கடனுக்கு ஆதரவில்லை என்று அமெரிக்கா உறுதியாக நின்றது. பலர் கவனிக்கத் தவறுவது ஒன்று உண்டு: பிரான்ஸ் அக்டோபரிலேயே நிதியத்தில் கடன் வசதி வாங்கி வைத்திருந்ததால், அதன் கழுத்தில் இந்தச் சுருக்கு விழவில்லை. பிரிட்டன் விலகச் சம்மதித்த பிறகே, டிசம்பர் 10-ல் 56.1 கோடி டாலர் உடனடியாகவும் 73.9 கோடி டாலர் தேவைப்படும்போது எடுக்கவும் அனுமதி கிடைத்தது. 22-ல் கடைசிப் படையும் வெளியேறியது.

ஐ.நா. தீர்மானம்தான் பிரிட்டனைப் பணியவைத்தது என்பவர்கள், அதே நாட்களில் சோவியத் படைகள் புகுந்த ஹங்கேரித் தலைநகர் புடாபெஸ்டைப் பார்க்கட்டும். பொதுச்சபை நவம்பர் 2-ல் சூயஸ் போர்நிறுத்தத்தை 64-5 வாக்கில் கோரியது; 4-ம் தேதி, ஹங்கேரியிலிருந்து சோவியத் படைகள் விலகவேண்டும் என்றும் தீர்மானித்தது. சோவியத் டாங்கிகள் விலகவில்லை. சோவியத் ஒன்றியம் அந்த நிதியத்தில் உறுப்பினரே அல்ல. வாஷிங்டனிடம் கடனுக்குக் காத்து நிற்கவும் இல்லை.

இன்றும் நிதியத்தின் மிகப் பெரிய முடிவுகளுக்கு 85 விழுக்காடு வாக்கு வேண்டும். அமெரிக்காவிடம் மட்டும் 16 விழுக்காட்டுக்கு மேல் இருக்கிறது, தனியாகவே தடுத்துவிடலாம். அடுத்த முறை ஆயுத அட்டவணை வெளியிடும்போது, ஒவ்வொரு நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்பையும் நிதிய வாக்கு விகிதத்தையும் பக்கத்திலேயே சேர்த்து அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
வரலாற்று வாசகர் ஒருவர்,
திருச்சி