பரம்பரை நோய் என்று யார் சொன்னது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. என்னும் வைரஸின் மரபணு ஆராய்ச்சியைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியவர், 'குடும்பத்தில் எவருக்கும் இல்லையென்றால் கருப்பைவாய்ப் புற்றுநோய் குறித்துப் பெண்கள் அஞ்சத் தேவையில்லை' என்று முடித்திருக்கிறார். ஆராய்ச்சியாளர்கள் ஆராய்ந்தது வைரஸின் மரபணுவை. தங்கள் கட்டுரையாளரோ அதை நம் பாட்டிமார்களின் மரபணு என்று கொண்டுவிட்டார்.

ஜெர்மனியின் ஹரால்ட் சூர் ஹவுசன் குழுவினர் இந்நோய்க் கட்டிகளில் எச்.பி.வி. 16 வகையை 1983-இலும் 18-ஆம் வகையை அடுத்த ஆண்டிலும் கண்டறிந்ததும், அதற்காக அவர் 2008-இல் நோபல் பரிசு பெற்றதும் தாங்கள் அறியாததல்ல. இருநூறுக்கும் மேற்பட்ட வகைகளுள் இவ்விரண்டே ஏறத்தாழ 70 சதவீத நோய்க்குக் காரணம் என்பது மரபணுவைக் கொண்டு வகை பிரித்ததால்தான் தெரிந்தது. தடுப்பூசியில் எவற்றைச் சேர்ப்பது என்பதும் அதன்படியே முடிவாயிற்று. 16-ஆம் வகை வைரஸை 5,000-க்கும் மேற்பட்ட பெண்களிடமிருந்து எடுத்து ஆராய்ந்து 2017-இல் வெளியான ஆய்வு, புற்றுநோய் வந்தவர்களிடம் இருந்த வைரஸில் இ7 என்னும் மரபணு ஏறக்குறைய மாறாமலே இருந்ததாகக் காட்டியது. இதில் குடும்ப வரலாறு எங்கிருந்து வந்தது?

நான் திண்டுக்கல் மாவட்டத்தில் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். 'எங்க அம்மாவுக்கும் இல்லை, பாட்டிக்கும் இல்லை, எனக்கு எதுக்கு டெஸ்ட்டு?' என்று என்னைத் திருப்பி அனுப்பிய பெண்ணொருத்தி, பின்னர் உதிரப்போக்கு நிற்காமல் வந்தபோது மருத்துவர்கள் செய்வதற்கு அதிகம் இருக்கவில்லை. கருப்பைவாயில் அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் எளிய சோதனை இந்நோயின் சாவுகளை 35 சதவீதம் குறைத்ததாக 2007-இல் உலகுக்குச் சொன்ன ஆய்வு நடந்ததும் இதே மாவட்டத்தில்தான். அதைப் பற்றித் தங்கள் இதழில் ஒரு வரியும் நான் கண்டதில்லை. 'தடுப்பூசியால் பிள்ளைப்பேறு பாதிக்குமா?' என்று கேள்விக்குறியோடு தலைப்பிட்டு, பதில் சொல்லாமலே முடித்த கட்டுரையை மட்டும் கண்டேன். அதற்கு நான் எழுதிய மறுப்புக்கு இடமில்லாமல் போனதில் வியப்பில்லை; ராசிபலனுக்கே இரண்டு முழுப் பக்கம் தேவைப்படுகிறதே.

வரும் இதழில், அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் திருத்தம் வெளியிடுங்கள். முப்பது வயது கடந்த பெண்கள், குடும்பத்தில் எவருக்கும் இந்நோய் இல்லையென்றாலும், அரசு மருத்துவமனையில் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்ற வரியும் அதில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
திண்டுக்கல் மாவட்டம்.