தரை ஓட்டை இன்னும் இருக்கிறது

அன்புள்ள மணி,

நலம்தானே? தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல். தீபாவளிக்குப் பிறகு நானும் எழுதவில்லை, நீயும் எழுதவில்லை. அந்தச் சண்டையை நேரில் வைத்துக்கொள்வோம். இப்போது எழுதுவது பினாங்கு ஜார்ஜ் டவுனில் நாமெல்லாம் வாடகைக்கு இருந்த நம் பழைய வீட்டைப் பற்றி.

போன வெள்ளிக்கிழமை குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வீட்டு வரிசைக்கு முன்னால் கூரையோடு ஓடும் அஞ்சடி நடைபாதையிலேயே நடந்து வந்தேன். வருஷக்கணக்கில் பூட்டிக் கிடந்த நம் வீட்டின் கதவு திறந்திருந்தது. உள்ளே வேலை நடக்கிறது. வாங்கியவர் ஒரு சீனப் பெண்மணி, தங்கும் விடுதியாக மாற்றுகிறாராம். இங்கேதான் பிறந்தேன் என்றேன், உடனே உள்ளே வரச் சொன்னார். தரை முழுக்கச் சிமெண்டுத் தூள், ஆனாலும் என் கால் தானாகவே செருப்பை வாசலில் விட்டது.

மாடியில், வாசலுக்கு நேர் மேலே இருக்கும் அந்தச் சதுரப் பலகை அப்படியே இருக்கிறதடா! கதவைத் தட்டுவது யார் என்று மேலிருந்தே பார்ப்பதற்கு அந்தக் காலத்தில் வைத்த ஓட்டை. நீ அதை வேறு எதற்குப் பயன்படுத்தினாய் என்பது மீன்காரருக்குத் தெரியும். பலகையைத் தூக்கிக் கீழே எட்டிப் பார்த்தேன், உன் அம்மா துடைப்பத்தோடு நிற்பது போலவே இருந்தது.

சுவரில் வீட்டுக்காரர் பூசியிருந்த சிமெண்டைச் சுரண்டி எடுக்கிறார்கள். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை உறிஞ்சி வெளியே விட்டுவிடுமாம். அதன் மேல் சிமெண்டு ஏறினால், தரையிலிருந்து மேலே வரும் ஈரம் வழியில்லாமல் உள்ளேயே அடைபட்டு, உப்புப் பூத்து, செங்கல் பொடிந்துபோகும். நம் அம்மாக்கள் ‘சுவர் அழுகிறது’ என்று சொல்லி அரிசிப் பானையைத் தள்ளி வைப்பார்களே, காரணம் இதுதான். சிமெண்டுக்குக் கீழே வெள்ளை, அதற்கும் கீழே பச்சை, எல்லாவற்றுக்கும் அடியில் நல்ல நீலம். லீத் ஸ்திரீட்டில் சீனச் செல்வந்தர் சியோங் ஃபட் ட்ஸேயின் மாளிகைக்கு அடித்திருக்கும் அதே நீலம், சுண்ணாம்பில் அவுரிச் சாயம் கலந்தது.

அப்புறம் வீட்டை வாங்கிய அந்தச் சீன அம்மா வாசலில் மாட்டப்போகும் பலகைக்கு எழுதி வைத்திருந்ததைக் காட்டினார். ஒரு சீன வணிகர் கட்டியது, ஓடு எங்கிருந்து வந்தது, மரம் எங்கிருந்து வந்தது, எல்லாம் இருக்கிறது. அடுத்த வரி: ‘பல ஆண்டுகள் பராமரிப்பின்றிக் கிடந்தது.’ அதற்கடுத்து இப்போதைய வேலை. நாம் அவ்வளவுதான், மணி. என் அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் மாடிப்படியைக் கழுவிய வீடு அது. முற்றத்துக் கல்லில் உன் அப்பா வழுக்கி விழுந்ததே அவ்வளவு சுத்தமாகத் தேய்த்ததால்தான்.

அன்றிரவு தூக்கமில்லை. மறுநாள் லீத் ஸ்திரீட்டுக்கே போய் அந்த நீல மாளிகையைச் சுற்றிப் பார்த்தேன். 38 அறைகள், 5 முற்றங்கள், 7 மாடிப்படிகள், 220 சன்னல்கள். கட்டிய செல்வந்தர் 1916இல் இறந்தார். கடைசி மகன் 1989இல் இறக்கும்வரை வீடு குடும்பத்திடமே இருந்தது. அதற்குள் பாழாகி, அறை அறையாக வாடகைக்குப் போய்விட்டது. பிறகு வாங்கியவர்கள் சீரமைத்து, 2000இல் யுனெஸ்கோ விருதே வாங்கினார்கள். அழகாக இருக்கிறது, போய்ப் பார். ஆனால் அந்த முற்றத்தில் நின்றபோது, இங்கே கொடி கட்டித் துணி காயப்போட்டவர்கள் யார் யார் என்றுதான் எனக்கு ஓடியது.

நம் வீட்டுக் கணக்கை எழுத ஆரம்பித்துவிட்டேன். முன்கூடத்தில் தையல்காரத் தாத்தா. மாடி முன்னறையில் துறைமுக அண்ணன்கள் நான்கு பேர். 1969இல் பினாங்கின் சுங்கவரி விலக்கு போய், துறைமுகத்தில் வேலை குறைந்ததும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். நடு அறையில் நாங்கள், அடுத்து நீங்கள், பின்கட்டில் அப்பம் சுடும் பாட்டி. பாட்டிக்கு முன்னால் அந்தப் பின்கட்டில் இருந்தது யார்? எனக்கு ஞாபகம் வரவில்லை.

தாத்தாவை நினைத்தால்தான் மனசு கேட்கவில்லை. 1948க்கு முன் கட்டிய வீடுகளுக்கு வாடகைக் கட்டுப்பாடு இருந்ததால்தான் நம் ஆட்களால் டவுனுக்குள் குடியிருக்க முடிந்தது. வீட்டுக்காரரையும் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன், அந்த வாடகையில் கூரை ஓடு கூட மாற்ற முடியாது. 1999 டிசம்பரோடு அந்தப் பாதுகாப்பு முடிந்ததும் வாடகை பல மடங்கு ஏறியது. தாத்தா தையல் மிஷினை விற்றுவிட்டு சுங்கைப் பட்டாணிக்கு மகனிடம் போனார். ‘வந்து பாருடா’ என்றார். பாலம் தாண்டினால் ஒரு மணி நேரப் பயணம், நான் போகவில்லை. எட்டு மாதத்தில் செய்தி வந்துவிட்டது. 2008இல் ஜார்ஜ் டவுன் உலகப் பாரம்பரிய நகரம் ஆனபோது, அதைக் கொண்டாட அந்த அஞ்சடியில் நம்மில் ஒருவரும் இல்லை.

அந்த அம்மா நல்ல மனுஷி. யார் யார் இருந்தார்கள் என்று எழுதிக் கொடுத்தால் பலகையில் சேர்க்கிறேன் என்றார். ‘பராமரிப்பின்றி’ என்ற சொல்லை எடுத்துவிடச் சொன்னேன், பேனாவை எடுத்து அங்கேயே அடித்துவிட்டார். தைப்பூசத்துக்குள் கொடுத்தாக வேண்டும். அதனால் சாக்குச் சொல்லாமல் உட்கார்ந்து எழுது. உன் வீட்டுப் பழைய படங்களில் நம் முற்றம் தெரிவது இருந்தால் அதையும் அனுப்பு.

முக்கியமாக ஒன்று. தாத்தா இந்தியாவிலிருந்து ரஜூலா கப்பலில் வந்தவர் என்பது எனக்குத் தெரியும், ஊர்ப் பெயர் தெரியவில்லை. அவர் சொல்லச் சொல்ல ஊருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தது உன் அக்காதானே? மேல்விலாசம் எழுதிய கை, மறந்திருக்காது. இன்றைக்கே போன் போட்டுக் கேள்.

அன்புடன்,
நடு அறைக்காரன்