'ஆள் காணவில்லை' என்று எழுதும் முன்: காவல்துறைத் தலைமை இயக்குநருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு காவல்துறைத் தலைமை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். தன் கணவரை நான்கு பேர் காரில் இழுத்துப் போட்டுக்கொண்டு போனார்கள் என்று ஒரு பெண் அழுதபடி சொல்லும் புகார், நிலைய எழுத்தரின் மேசையைத் தாண்டும்போது 'ஆள் காணவில்லை' என்று சுருங்கிவிடுவதைக் குற்றவியல் வழக்கறிஞனாகப் பலமுறை பார்த்திருக்கிறேன். உடல் கிடைத்த பின் பிரிவு மாற்ற அறிக்கை அனுப்பிக் கொலை வழக்காக்கிக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். ஆக்கலாம்தான், ஆனால் நீதிமன்ற விசாரணையில் எதிரித் தரப்பு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின் தரப்பு, முதலில் கையிலெடுப்பது அந்த முதல் தகவல் அறிக்கையைத்தான். (எதிரிக்காக வாதிட்ட நாட்களில் நானும் அதையே எடுத்திருக்கிறேன்.)

கடத்தலுக்கும் சாவுக்கும் நடுவில் நடந்ததைக் கண்ட சாட்சி பெரும்பாலும் இருப்பதில்லை. மேற்கு வங்க அரசு எதிர் மீர் முகமது ஓமர் வழக்கில் 2000-இல் உச்ச நீதிமன்றம் இதற்கு வழி காட்டியது: கடத்தல் மெய்ப்பிக்கப்பட்டு, கடத்தப்பட்டவர் குறுகிய காலத்துக்குள் கொலையுண்டு கிடந்தால், இடையில் நடந்தது கடத்தியவர்களுக்கே தெரியும், அவர்கள் விளக்கம் தராதபோது, கொன்றவர்களும் அவர்களே என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம். ஒருவருக்கு மட்டுமே தெரிந்ததை அவரே விளக்க வேண்டும் என்ற, பழைய சாட்சியச் சட்டத்தின் 106ஆம் பிரிவு இன்று புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 109ஆம் பிரிவு. உடல் கிடைக்காவிட்டாலும் கொலையை நிரூபிக்க முடியும் என்பதை 1991-இல் சேவகப்பெருமாள் எதிர் தமிழ்நாடு அரசு தீர்ப்பு உறுதிசெய்தது. ஆனால் இந்த அனுமானம் கடத்தல் என்ற அடித்தளத்தின் மேல்தான் எழும். தானாக எங்கோ போய்விட்டவரைப் போலப் பதிவானவருக்கு அந்த அடித்தளம் முதல் நாளிலேயே ஆட்டம் கண்டுவிடுகிறது.

பிரிவுகளின் சொற்களும் கறாரானவை. புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில், கொலைக்காகக் கடத்துவதைச் சொல்லும் 140(1)-க்குக் கொண்டுபோகும்போதே கொலை நோக்கம் இருந்ததைக் காட்ட வேண்டும். பிணைத்தொகைக் கடத்தலில், பணம் கேட்டது மட்டும் போதாது, கொல்வதாக அல்லது காயப்படுத்துவதாக மிரட்டலோ, அந்த அச்சத்தைத் தரும் நடத்தையோ வேண்டும் என்று 2021-இல் ஷேக் அகமது வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறி, தண்டனையைச் சாதாரணக் கடத்தலாகக் குறைத்தது. ஆகவே மிரட்டல் அழைப்பின் பதிவும், மின்னணுப் பதிவைச் சாட்சியமாக்க சாட்சிய அதினியத்தின் 63(4) கேட்கும் சான்றிதழும், தெருமுனைக் கடையின் கேமராப் பதிவும் அழியும் முன் கைப்பற்றப்பட வேண்டும்.

காணாமற்போன குழந்தைகளின் புகாரைக் கடத்தலாகக் கருதி வழக்குப் பதிய வேண்டும் என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. பெரியவர்களின் விஷயத்திலும், புகாரிலேயே வன்முறையோ மிரட்டலோ சொல்லப்பட்டிருந்தால், கடத்தல் பிரிவிலேயே பதியுமாறும், புகார்தாரரின் சொற்களை அப்படியே எழுதுமாறும் எல்லா நிலையங்களுக்கும் சுற்றறிக்கை அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஒரு வழக்கறிஞர்